புது ரைஃபிள் பேரலைப் 'பழக்க' வேண்டுமா? ஒரு குண்டுக்கு ஒரு துடைப்பு... உண்மையில் பலன் என்ன?

ஒரு குண்டு சுட வேண்டும். உடனே கரைப்பானில் நனைத்த துணியை பேரலுக்குள் விட்டுத் துடைக்க வேண்டும். செம்புக் கறை முழுதாகப் போகும்வரை விடக் கூடாது. பிறகு அடுத்த குண்டு, மறுபடியும் துடைப்பு. இப்படி 5 முறை. சிலர் கணக்கில் 10 முறை. அதன் பிறகு 3 குண்டுக்கு ஒருமுறை, அப்புறம் 5 குண்டுக்கு ஒருமுறை.

அமெரிக்காவில் புது ரைஃபிள் வாங்குபவர்களும், பழைய ரைஃபிளில் புது பேரல் மாட்டுபவர்களும் இந்தச் சடங்கில் முதல் நாளில் பாதியைச் செலவிடுவது சகஜம். இதற்குப் பெயர் 'பேரல் பிரேக்-இன்'. நம்ம பாஷையில் சொன்னால், பேரலைப் பழக்குவது.

"இதைச் செஞ்சா குறி பிசகாது, துடைக்கறதும் சுலபம், பேரலும் ரொம்ப நாள் உழைக்கும்" என்கிறது ஒரு தரப்பு. "சுத்த வேஸ்ட். தோட்டாவும் நேரமும்தான் நஷ்டம்" என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு பக்கமும் பேரல் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் இதில் சுவாரஸ்யம்.

இந்தியாவில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் ரைஃபிள் வைத்திருக்க முடியாது. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ரைஃபிள் என்பது ஒலிம்பிக் சமயத்தில் திரையில் பார்ப்பதோடு சரி. ஆனால், 'புதுசா வாங்கினா முதல்ல இப்படித்தான் செய்யணும்' என்ற அறிவுரை பைக், போன், தோசைக்கல் என எல்லாவற்றுக்கும் நமக்குக் கிடைக்கிறது. அதில் எது அறிவியல், எது வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்க்க, பேரல் விவகாரம் ஒரு நல்ல பாடம். விரிவாகப் பார்ப்போம்.

பேரல் எப்படி உருவாகிறது?

திடமான எஃகுக் கம்பியில் நீளமாகத் துளை போடுவதில் வேலை தொடங்குகிறது. அந்தத் துளையைத் துல்லிய அளவுக்குச் சீவுவது அடுத்த கட்டம். பிறகுதான் உள்சுவரில் சுருள் சுருளாகப் புரிகள் போடப்படும். குண்டைச் சுழல வைப்பது இந்தப் புரிகள்தான். பம்பரம் சுழலும்வரை விழாமல் நிற்பதுபோல, சுழலும் குண்டுதான் காற்றில் தடுமாறாமல் நேராகப் போகும்.

புரி போடுவதற்கு மூன்று முக்கிய வழிகள் உள்ளன. ஒன்று, சிறு கத்தியால் ஒவ்வொரு புரியாகச் செதுக்குவது. இரண்டு, கடினமான 'பட்டன்' ஒன்றை உள்ளே விட்டு இழுத்து எஃகை அழுத்திப் புரியாக்குவது. மூன்று, அச்சு ஒன்றை உள்ளே வைத்துவிட்டு வெளியிலிருந்து சுத்தியல்களால் அடித்து வடிவம் கொடுப்பது. பெரிய நிறுவனங்களின் தொழிற்சாலை பேரல்களில் பல இந்த மூன்றாவது முறையில் தயாராகின்றன.

ஒரு புரியின் ஆழம் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். இவ்வளவு நுண்ணிய வேலையில், கருவி பட்ட தடங்கள் கொஞ்சமாவது மிஞ்சத்தான் செய்யும்.

போட்டிகளுக்கான உயர்தர பேரல்களில் இன்னொரு கட்டமும் உண்டு. பேரலுக்குள்ளேயே ஈயத்தை உருக்கி ஊற்றி, அதன் வடிவத்துக்கே பொருந்தும் ஒரு கட்டியை வார்ப்பார்கள். அதன்மேல் தேய்ப்புப் பசை பூசி, கையால் முன்னும் பின்னும் இழுத்து உள்சுவரை வழவழப்பாக்குவார்கள். இதற்கு 'லேப்பிங்' என்று பெயர். விலை குறைந்த தொழிற்சாலை பேரல்களில் பெரும்பாலும் இது இருக்காது.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். தோட்டா உட்காரும் அறை, அதற்கு அடுத்து குண்டு முதன்முதலில் புரியைத் தொடும் 'தொண்டை' ஆகிய இரண்டும் கடைசியாக, லேப்பிங் முடிந்த பிறகு வெட்டப்படுபவை. அந்த வெட்டுக் கருவி சுழன்றுகொண்டே போவதால் அதன் கீறல்கள் குறுக்குவாட்டில் விழும். குண்டு போகும் திசைக்குச் செங்குத்தான கோணம். பேரலின் மற்ற பகுதி எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், தொண்டை மட்டும் சற்று சொரசொரப்பாகவே இருக்கும்.

சுடும்போது உள்ளே என்ன நடக்கிறது?

.308 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர் போன்ற பிரபலமான தோட்டாக்களுக்கு அமெரிக்கத் தோட்டா தயாரிப்பாளர்களின் தர அமைப்பு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ. உங்கள் கார் டயரில் நிரப்புவது 32 பிஎஸ்ஐ அளவு. அதைப்போல ஏறத்தாழ 1,900 மடங்கு அழுத்தம் அந்தச் சிறு அறைக்குள் உருவாகிறது.

குண்டு நொடிக்கு சுமார் 2,700 அடி வேகத்தில், அதாவது 820 மீட்டர் வேகத்தில் வெளியேறும். 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற புரியாக இருந்தால், அது நிமிடத்துக்கு 2,43,000 சுற்று சுழலும். பேரலைக் கடக்க அதற்கு ஆகும் நேரம், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். போட்டிகளில் பயன்படும் 6.5 கிரீட்மோர் பேரல், 2,000 முதல் 3,000 குண்டுவரை துல்லியம் குறையாமல் உழைக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படியானால் அந்தப் பேரல் உண்மையில் 'வேலை செய்த' மொத்த நேரம் மூன்று நான்கு நொடிதான்! அந்தச் சில நொடிகளிலேயே தொண்டைப் பகுதி சூட்டில் வெடித்து, அரித்து, தேய்ந்துவிடும்.

குண்டின் மேலுறை செம்புக் கலவையால் ஆனது. பெரும்பாலும் 95 சதவீதம் செம்பு, 5 சதவீதம் துத்தநாகம். எஃகைவிட மிக மென்மையானது. சொரசொரப்பான இடத்தை உரசும்போது கொஞ்சம் செம்பு சுரண்டப்பட்டு பேரலில் ஒட்டிக்கொள்ளும். இந்தப் படிவு அளவுக்கு மீறினால் குறி சிதறத் தொடங்கும். அதனால்தான் துடைப்பு அவசியமாகிறது.

பழக்க வேண்டும் என்பவர்களின் வாதம்

இது வெறும் நம்பிக்கையல்ல, ஒரு தெளிவான இயந்திரவியல் விளக்கம் இதற்கு இருக்கிறது. கிரீகர் போன்ற புகழ்பெற்ற பேரல் தயாரிப்பாளர்கள் சொல்லும் விளக்கம் இதுதான்:

புதுத் தொண்டையில் இருக்கும் குறுக்குக் கீறல்கள், குண்டிலிருந்து செம்பைச் சுரண்டுகின்றன. அந்தச் செம்பு கடும் சூட்டில் ஆவியாகி, வாயுவோடு சேர்ந்து பேரலின் முன்பகுதிக்குப் போய்ப் படிகிறது. குண்டுகள் போகப் போக அந்தக் கீறல்கள் மழுங்கும், படிவும் குறையும். ஆனால் நடுவில் துடைக்காவிட்டால், செம்பு அந்தக் கீறல்களை மூடிக்கொள்ளும். மூடிய இடம் மழுங்காது. அதனால், ஒவ்வொரு குண்டும் வெறும் எஃகைத் தொடும்படி இடையிடையே துடைத்துக்கொண்டே போக வேண்டும்.

கேட்க நியாயமாகவே இருக்கிறது. கவனியுங்கள்: பழக்கப்படுவது பேரல் முழுவதும் அல்ல, தொண்டை மட்டுமே.

இதை 'பைக் ரன்னிங்-இன் மாதிரி' என்று சொல்பவர்கள் உண்டு. அந்த ஒப்பீடு அவ்வளவு பொருந்தாது. பைக் இன்ஜினில் ஒரே பிஸ்டன் வளையம், ஒரே சிலிண்டர் சுவரில், எண்ணெய்ப் பூச்சோடு லட்சக்கணக்கான முறை உரசி ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. பேரலில் வருகிற ஒவ்வொரு குண்டும் புதுசு. அதுவும் மென்மையான செம்பு. தொண்டையை மழுங்கச் செய்வதில் செம்புக்கு இருக்கும் பங்கைவிட, பின்னாலிருந்து தள்ளும் சூடான வாயுவுக்குப் பங்கு அதிகம். நீங்கள் துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் அந்த வாயு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

'பேரல் விற்கக் கிளப்பிவிட்ட கதை'

எதிர்த் தரப்பில் அதிகம் பேசப்படும் பெயர் கேல் மெக்மில்லன். அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த, துல்லிய ரைஃபிள்களுக்குப் பேர்போன குடும்பத்துக்காரர். 'இந்தப் பழக்கத்தைக் கிளப்பிவிட்டதே ஒரு பேரல் தயாரிப்பாளர்தான். பழக்குகிறேன் என்று ஒவ்வொருவரும் 100 குண்டைச் செலவழித்தால், அந்த அளவுக்கு பேரல் சீக்கிரம் தேயும். அடுத்த பேரல் சீக்கிரம் விற்கும்' என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

டெக்சாஸைச் சேர்ந்த ஷைலன் நிறுவனத்தின் நிலைப்பாடு இன்னும் வேடிக்கையானது. வாடிக்கையாளர்கள் 'உங்க பேரலுக்கு என்ன முறை?' என்று கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் ஒரு பழக்கும் முறையை வெளியிட்டதாகவும், மற்றபடி அதைப் பெரிய விஷயமாகக் கருதவில்லை என்றும் அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மெக்மில்லனின் குற்றச்சாட்டையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2,500 குண்டு ஆயுள் கொண்ட பேரலில் 25 குண்டைப் பழக்கச் செலவழித்தால் போவது 1 சதவீதம். 100 குண்டு என்றால் 4 சதவீதம். பேரல் வியாபாரத்தையே தூக்கி நிறுத்தும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆயுள் 1,000 குண்டுக்கு அருகிலேயே முடிந்துவிடும் சில அதிவேக ரகங்களில்தான் 100 குண்டு என்பது 10 சதவீதமாகி, கொஞ்சம் உறைக்கும். அதுவும், பழக்கும்போது சுடுவதைப் பயிற்சியாகவும் பயன்படுத்திக்கொண்டால் அந்த நஷ்டமும் குறைந்துவிடும்.

ஆக, 'பழக்காவிட்டால் பேரல் கெட்டது' என்பதும் மிகை, 'பழக்கினால் பேரல் போச்சு' என்பதும் மிகை.

அப்படியென்றால் சோதித்துப் பார்க்க முடியாதா?

இதுதான் விஷயத்தின் மையம். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு பேரல். ஒன்று அதைப் பழக்கலாம், இல்லையென்றால் பழக்காமல் விடலாம். இரண்டையும் ஒரே பேரலில் செய்து ஒப்பிட முடியாது. பழக்கிய ஒருவர் 'அருமையா சுடுது, பழக்கினதாலதான்' என்பார். பழக்காமல் விட்ட பக்கத்து வீட்டுக்காரரின் பேரலும் அருமையாகச் சுட்டுக்கொண்டிருக்கும். 'அது அதிர்ஷ்டம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

சரியாகச் சோதிக்க வேண்டுமென்றால், ஒரே தயாரிப்பாளரின் ஒரே எஃகு, ஒரே கருவியில் வெட்டிய பேரல்கள் குறைந்தது இருபதாவது வேண்டும். பாதியைப் பழக்க வேண்டும். பாதியை விட்டுவிட வேண்டும். எது எது என்று சுடுபவருக்குத் தெரியக் கூடாது. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் சுட்டு அளக்க வேண்டும். ஒரு தரமான பேரலின் விலை சில நூறு டாலர். ஒரு போட்டித் தோட்டாவின் விலை ஒரு டாலருக்கு மேல். தனிநபர் யார் இதற்குச் செலவு செய்யப் போகிறார்?

அடுத்த பிரச்னை, அளக்கும் விதம். பலரும் 3 குண்டு சுட்டு, அட்டையில் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்த்து முடிவுக்கு வருகிறார்கள். தாயக்கட்டையை மூன்று முறை உருட்டி, 'இது ராசியான கட்டை' என்று தீர்ப்புச் சொல்வதுபோலத்தான் இதுவும். ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, ஒரே ஆள் என்றாலும், ஒரு 3 குண்டுக் கூட்டம் இன்னொன்றைவிட இரண்டு மடங்கு பெரிதாக அமைவது தற்செயலாகவே அடிக்கடி நடக்கும். பழக்குவதற்கு முன் ஒரு கூட்டம், பின் ஒரு கூட்டம் என்று சுட்டுப் பார்த்து எதையும் நிரூபிக்க முடியாது.

மூன்றாவது, கூடவே நடக்கும் மற்ற மாற்றங்கள். முதல் 50 குண்டுக்குள் ரைஃபிளின் விசை உங்கள் விரலுக்குப் பழகியிருக்கும். தொலைநோக்கியின் திருகுகளைச் சரிபார்த்து இறுக்கியிருப்பீர்கள். எந்தத் தோட்டா ஒத்துப்போகிறது என்று கண்டுபிடித்திருப்பீர்கள். பழகியது பேரலா, ஆளா?

மூன்று வாக்குறுதிகள், மூன்று தனித்தனி பதில்கள்

விவாதம் முடியாமல் நீள்வதற்குக் காரணம், மூன்று வெவ்வேறு பலன்களை ஒரே மூச்சில் சொல்வதுதான். பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

* துடைப்பது சுலபமாகுமா? ஆகும். தொண்டை மழுங்க மழுங்கச் செம்புப் படிவு குறைவதைத் துணியில் வரும் நீல, பச்சைக் கறையை வைத்தே பார்க்கலாம். ஆனால் இது சுடுவதால் நடப்பது. ஒவ்வொரு குண்டுக்கும் துடைத்ததால்தான் நடந்தது என்று சொல்ல வலுவான சான்று இல்லை.

* குறி துல்லியமாகுமா? மிகப் பலவீனமான வாக்குறுதி இது. நல்ல பேரல் முதல் சில குண்டுகளிலேயே நன்றாகச் சுடும். மோசமாகச் செய்யப்பட்ட பேரலைத் துணியால் துடைத்து நல்ல பேரலாக்க முடியாது.

* ஆயுள் கூடுமா? பேரலைக் கொல்வது சூடும் அழுத்தமும்தான். அதிலும் குறிப்பாக, ஆற விடாமல் அடுத்தடுத்துச் சுடுவது. முதல் 20 குண்டை எப்படிச் சுட்டோம் என்பது அந்த அரிப்பைத் தடுக்காது.

இந்த மூன்றையும் தாண்டி, உண்மையிலேயே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அது இந்தச் சண்டையில் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது.

யாரும் பேசாத விஷயம்: வேகம் கூடும்

புது பேரலில் முதல் 100 முதல் 200 குண்டுக்குள் குண்டின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, பிறகு நிலைப்பதை நீண்டதூரப் போட்டியாளர்கள் பலரும் வேகமானியில் பார்த்திருக்கிறார்கள். நொடிக்குச் சில பத்து அடிவரை இந்த மாற்றம் இருக்கலாம்.

800 மீட்டர், 1,000 மீட்டர் தூரத்தில் சுடுபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. குண்டு எவ்வளவு தாழும் என்ற கணக்கே மாறிவிடும். முதல் நாள் எடுத்த அளவை வைத்து அடுத்த மாதம் போட்டிக்குப் போனால், குண்டு இலக்குக்கு மேலே போகும்.

இதைவிட முக்கியமானது பாதுகாப்பு. அமெரிக்காவில் பலர் தோட்டாவைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். புது பேரலில் உச்ச வரம்பை ஒட்டி மருந்து நிரப்பிப் பழகிவிட்டால், வேகம் கூடும்போது அதே அளவு மருந்து வரம்பைத் தாண்டிய அழுத்தத்தைத் தரக்கூடும். 62,000 பிஎஸ்ஐ விவகாரத்தில் 'கொஞ்சம் கூடுதல்' என்பது முகத்துக்கு அருகே நடக்கும் விபரீதம்.

அதனால் அனுபவசாலிகள் முதல் 100, 150 குண்டை மிதமான அளவு மருந்தோடு பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். இறுதி அளவுகளை அதன் பிறகே எடுக்கிறார்கள். பேரல் 'பழகுவதில்' பயனுள்ள பகுதி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான். இதற்குத் துணியும் கரைப்பானும் தேவையே இல்லை. பொறுமைதான் தேவை.

துடைப்பே வினையாகலாம்

அதிகமாகத் துடைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். அப்படியில்லை. துடைக்கும் கம்பி சரியான வழிகாட்டி இல்லாமல் உள்ளே போனால், தொண்டையை உரசும். வெளியே வரும்போது முனையின் விளிம்பில் மோதும். குண்டு பேரலைக் கடைசியாகத் தொடும் இடம் அந்த விளிம்பு. அங்கே ஒரு சின்ன சிராய்ப்பு விழுந்தாலும் குறி ஒருபக்கமாக இழுக்கும். பேரலைப் பழக்குகிறேன் என்று அவசர அவசரமாக 15, 20 முறை துடைப்பவர், அந்த ஒரே நாளில் இந்த ஆபத்தைப் பலமுறை வரவழைக்கிறார்.

செம்பைக் கரைக்கும் சில திரவங்களில் அமோனியா உண்டு. அவற்றை எவ்வளவு நேரம் உள்ளே விடலாம் என்பதற்குத் தயாரிப்பாளர்களே வரம்பு போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். துடைக்கும் பிரஷ் வெண்கலத்தால் ஆனது. வெண்கலத்திலும் செம்புதான் இருக்கிறது! கரைப்பான் அந்தப் பிரஷ்ஷையே கரைத்து, துணியை நீலமாக்கும். 'அய்யோ, இன்னும் செம்பு போகலையே' என்று மேலும் மேலும் தேய்ப்பார்கள். நைலான் பிரஷ்ஷுக்கு மாறினால் இந்தக் குழப்பம் தீரும்.

போதாக்குறைக்கு, பேரலுக்குள் விட்டுப் பார்க்கும் சிறு கேமராக்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. போன் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் எந்த பேரலின் உட்புறமும் பயங்கரமாகத்தான் தெரியும். நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த ரைஃபிளை, படத்தைப் பார்த்துப் பயந்து தேய்த்துத் தள்ளுபவர்களும் உண்டு. பார்க்க வேண்டியது இலக்கு அட்டையைத்தான்.

எல்லா பேரலுக்கும் ஒரே சட்டமா?

நிச்சயமாக இல்லை.

* கையால் லேப்பிங் செய்த பேரல்: ஏற்கெனவே வழவழப்பு. சில குண்டுகளிலேயே தொண்டை அடங்கிவிடும். நீண்ட சடங்கு தேவையில்லை.

* சாதாரண தொழிற்சாலை பேரல்: சொரசொரப்பு அதிகம் இருக்கலாம். ஆரம்பத்தில் செம்பு அதிகம் படியும். எனவே முதல் சில முறை வழக்கத்தைவிடச் சீக்கிரம் துடைப்பதில் அர்த்தம் உண்டு.

* குரோமியம் பூசிய ராணுவ பேரல்: ஏகே ரகத் துப்பாக்கிகளில் இருப்பது இதுதான். குரோமியப் பூச்சு எஃகைவிடக் கடினமானது. இதைத் துணியால் பழக்கிவிடலாம் என்று நினைப்பது வீண்.

* .22 ரைஃபிள்: பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 1 அன்று ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியில் பயன்படுவது இந்த ரகம். இதில் குண்டு ஈயம். மேலே மெழுகு போன்ற பூச்சு. செம்பு மேலுறையே கிடையாது. செம்புக் கறை வாதம் இங்கே முதல் வரியிலேயே அடிபட்டுப் போகிறது. சொல்லப்போனால் .22 ரைஃபிளில் நேர்மாறான பிரச்னை. சுத்தமாகத் துடைத்த பிறகு, மெழுகுப் பூச்சு மறுபடி படியச் சில குண்டுகள் சுட்டால்தான் குறி நிலைப்படும் என்கிறார்கள் வீரர்கள்.

* ஏர் ரைஃபிள்: கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போட்டியிடும் 10 மீட்டர் பிரிவில் வெடிமருந்தே கிடையாது. அழுத்தப்பட்ட காற்றுதான் சிறு ஈயக் குண்டைத் தள்ளுகிறது. சூடான வாயுவும் இல்லை, அரிப்பும் இல்லை.

ஒலிம்பிக் தர வீரர்கள் எங்கே நேரம் செலவிடுகிறார்கள் என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். .22 தோட்டா தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் சோதனைக் கூடங்களை நடத்துகின்றன. வீரர்கள் தங்கள் ரைஃபிளையோ பேரலையோ அங்கே கொண்டுபோய், எந்தத் தொகுப்புத் தோட்டா தங்கள் பேரலுக்கு மிகவும் பொருந்துகிறது என்று சுட்டுப் பார்த்து, அதே தொகுப்பை மொத்தமாக வாங்கிவைக்கிறார்கள். அந்த வித்தியாசத்தை அளக்க முடியும். அதனால் அதற்குச் செலவழிக்கிறார்கள்.

சரி, கடைசியில் என்னதான் செய்வது?

இரு தரப்பு வாதங்களையும் வைத்துப் பார்த்தால், புது பேரல் கையில் இருப்பவருக்கு நியாயமான வழி இவ்வளவுதான்:

1. சுடுவதற்கு முன் ஒருமுறை நன்றாகத் துடைக்க வேண்டும். தொழிற்சாலையின் எண்ணெயும் உலோகத் துகளும் உள்ளே இருக்கலாம். இதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

2. தயாரிப்பாளர் ஒரு முறையைச் சொல்லியிருந்தால், அதைப் பின்பற்றுவதில் பெரிய நஷ்டம் இல்லை. பிற்பாடு புகார் கொடுக்க நேர்ந்தால் 'நீங்க சொன்னபடி செய்யலையே' என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

3. எந்த முறையும் சொல்லப்படவில்லை என்றால், 5 முதல் 10 குண்டு சுட்டுத் துடைத்து, கறையைப் பாருங்கள். குறைவாக இருந்தால் வழக்கம்போலப் பயன்படுத்தலாம். அதிகம் என்றால் இன்னும் இரண்டு மூன்று முறை அதேபோலச் செய்யலாம். எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டியது பேரல்தான், பட்டியல் அல்ல.

4. பேரலைச் சூடேற விடாமல், ஆறவைத்து ஆறவைத்துச் சுட வேண்டும்.

5. வேகம் நிலைப்படும்வரை இறுதி அளவுகளை எடுக்க வேண்டாம்.

25 குண்டு, 15 துடைப்பு கொண்ட ஒரு முழுச் சடங்கை எடுத்துக்கொள்வோம். ஒரு துடைப்புக்கு 10 நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம். அதே இரண்டரை மணி நேரத்தில் படுத்து, மூச்சைக் கட்டுப்படுத்தி, விசையை அசங்காமல் இழுத்துப் பழகினால் குறியில் வரும் முன்னேற்றம், பேரலைத் தேய்த்து வரவே வராது.

ரைஃபிள் இல்லாதவர்களுக்கு என்ன பாடம்?

புதுப் பொருள் வாங்கும்போது வரும் அறிவுரைகள் எல்லாம் பொய்யும் அல்ல, எல்லாம் மெய்யும் அல்ல. இரும்பு தோசைக்கல்லை எண்ணெய் தடவிப் பழக்குவது உண்மையிலேயே வேலை செய்கிறது. சூட்டில் எண்ணெய் இறுகி ஒரு படலமாகிறது. பழக்காத கல்லில் தோசை ஒட்டும், பழக்கிய கல்லில் ஒட்டாது. அன்றைக்கே சோதித்துப் பார்த்துவிடலாம். புது பைக்கை ஆரம்பத்தில் விரட்டாமல் ஓட்டச் சொல்வதற்கும் இயந்திரக் காரணம் இருக்கிறது, கையேட்டிலேயே போட்டிருக்கும். ஆனால் புது ஸ்மார்ட்போனை 8 மணி நேரம் சார்ஜ் போட்ட பிறகே பயன்படுத்த வேண்டும் என்பது நிக்கல் பேட்டரி காலத்து அறிவுரை. இன்றைய லித்தியம் பேட்டரிக்கு அது தேவையில்லை. பொருள் மாறிவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை.

எனவே அடுத்த முறை யாராவது 'முதல்ல இதைச் செஞ்சே ஆகணும்' என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே என்ன மாறுகிறது? செய்யாவிட்டால் அது தானாகவே மாறாதா? மாறியதை எப்படி அளப்பது? தோசைக்கல் மூன்றுக்கும் பதில் சொல்லிவிடும். பேரல் முதல் கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கிறது. இரண்டாவதில் தடுமாறுகிறது. மூன்றாவதில் இன்றுவரை பதில் இல்லை.